பேயைவிட பயமுறுத்தும் ஒரு தேதி: 'கேம் ஓவர்' படத்தை ஏன் பார்க்கணும்?

பேய்ப் படம்னா பாதி காமெடி, நடுவுல ஒரு ஃபிளாஷ்பேக், கடைசியில ஆவேசமான சாமி பாட்டு. 'காஞ்சனா', 'அரண்மனை' வரிசைகள் நமக்குப் பழக்கிவிட்ட கணக்கு இது. இந்தக் கணக்குக்குள் அடங்காத ஒரு தமிழ்ப் படத்தை நிறைய பேர் தவறவிட்டுட்டாங்க. திருப்பங்களை உடைக்காம, அதை ஏன் பார்க்கணும்னு சொல்றோம்.

என்ன படம்?

2019 ஜூன் 14-ல் வெளியான 'கேம் ஓவர்'. 'மாயா' (2015) எடுத்த அஸ்வின் சரவணன், காவ்யா ராம்குமாருடன் சேர்ந்து எழுதி இயக்கிய படம். தயாரிப்பு ஒய்நாட் ஸ்டுடியோஸ். தமிழிலும் தெலுங்கிலும் ஒரே நேரத்தில் எடுத்து, இந்தியில் டப் செய்தாங்க.

டாப்ஸி நடித்திருக்கும் ஸ்வப்னா, வீடியோ கேம் உருவாக்குபவர். ஒரு பெரிய வீட்டில் அவரும், அவரைப் பார்த்துக்கொள்ளும் காலம்மாவும் மட்டும். இருட்டுன்னாலே ஸ்வப்னாவுக்கு மூச்சு முட்டும். ஒருநாள், கையில் குத்தியிருக்கும் பழைய டாட்டூ காரணமே இல்லாம வலிக்க ஆரம்பிக்குது. கதை இவ்வளவு தெரிஞ்சா போதும்.

ஏன் கவனத்துக்கு வரல?

விமர்சனங்கள் நல்லாவே வந்தன. ஆனா படத்தில் ஹீரோ இல்லை, டூயட் இல்லை, சிரிக்கவும் இடமில்லை. இரண்டு மாசம் முன்னாடிதான் 'காஞ்சனா 3' வந்திருந்தது. படம் வந்த முதல் ஞாயிறு, ஜூன் 16, உலகக் கோப்பையில் இந்தியா–பாகிஸ்தான் மேட்ச். போதாக்குறைக்கு, அந்த ஜூன்லதான் சென்னை முழுக்க தண்ணீர்ப் பஞ்சம். பெருங்களத்தூர், தாம்பரம் பக்கம் வீட்டுக்கு வீடு லாரி எப்ப வரும்ங்கிறதுதான் பேச்சு. தியேட்டருக்குப் போற மனநிலை எத்தனை பேருக்கு இருந்திருக்கும்?

அப்படி என்ன ஸ்பெஷல்?

இந்தப் படத்தின் பயம் ஒரு தேதியில் இருந்து வருது. ஸ்வப்னாவுக்கு ஒரு புத்தாண்டு இரவில் கொடுமை நடந்திருக்கு. அந்த நாள் மறுபடி நெருங்க நெருங்க, உடம்பும் மனசும் பழைய இடத்துக்கே போகுது. உளவியலில் இதற்கு 'ஆனிவர்சரி ரியாக்‌ஷன்' என்று பெயர். பெரிய அதிர்ச்சியைச் சந்தித்தவர்களுக்கு, அதே தேதியோ பருவமோ திரும்ப வரும்போது பதற்றம், தூக்கமின்மை, கெட்ட கனவுகள் வரலாம். சில நேரம், ஏன் இப்படி இருக்குன்னு அவங்களுக்கே உடனே புரியாது.

நம்ம ஏரியாக்காரர்களுக்கு இது புரியாத விஷயம் இல்லை. 2015 டிசம்பர் வெள்ளத்தில் முடிச்சூர், வரதராஜபுரம் தெருக்களில் படகு ஓடியது. இன்னைக்கும் நவம்பரில் வானம் இருட்டினா செம்பரம்பாக்கம் ஏரி நிலவரத்தைத் தேடுறவங்க இருக்காங்க. ரெட் அலர்ட் வந்தா வேளச்சேரி பாலத்தில் கார்கள் வரிசை கட்டுது. இதை மீம் போட்டுச் சிரிக்கிறவங்களும் உண்டு, அந்தத் தண்ணியை வீட்டுக்குள்ள பார்த்தவங்களுக்கு அது சிரிப்பு இல்லை. 'இத்தனை நாள் ஆச்சு, இன்னுமா பயம்?' என்ற கேள்வியைக் கேட்கும் முன் யோசிக்க வைக்கிறதுதான் இந்தப் படம் செய்யும் பெரிய வேலை.

பயம் வேலை செய்யுதா?

செய்யுது. கண்ணாடிக் கதவு, வெளியே இருட்டு, வீல்சேரில் இருக்கும் ஒரு பெண். இதை வைத்தே ஏ.வசந்தின் கேமராவும் ரான் ஈத்தன் யோஹானின் இசையும் நம்மை உட்கார வைக்குது. காலம்மாவாக வரும் வினோதினி வைத்தியநாதன்தான் படத்தின் ஆறுதல். இரண்டு பேருக்கும் ரத்த உறவு கிடையாது, ஆனா படத்திலேயே நெருக்கமான உறவு அதுதான்.

குறை? கொலைகள் யாரால், எதற்காக என்பதற்குப் படம் பெரிசா விளக்கம் தராது. எல்லா முடிச்சும் அவிழணும்னு நினைக்கிறவங்களுக்கு ஏமாற்றமா இருக்கலாம்.

யார் தவிர்க்கலாம்?

பாலியல் வன்முறையின் பாதிப்பு, தற்கொலை முயற்சி, கோரமான கொலைக் காட்சிகள் இருக்கு. இது உங்களைத் தொந்தரவு செய்யும்னு தோணினா தாராளமா விட்டுடுங்க. மனச்சோர்வோ தற்கொலை எண்ணமோ இருந்தால் 14416 (டெலி மானஸ்) அல்லது தமிழக அரசின் 104 எண்ணில் பேசலாம்.

எப்படிப் பார்க்கலாம்?

ரெண்டு மணி நேரத்துக்கும் குறைவான படம். தாம்பரம்–பீச் ரயிலில் நாலு தவணையா பார்த்தா வீணாகிடும். ராத்திரி, ஹெட்போன், ஒரே மூச்சு. ஓடிடி ஆப்பில் தேடும்போது இந்தி டப்பிங் தானா ஓடிடப் போகுது, தமிழ் ஆடியோவை மாத்திக்கோங்க. பிடிச்சிருந்தா அடுத்து இதே இயக்குநரின் 'மாயா'.