டோக்கியோவில் ஒரு விசிறி

கடைக்குப் போவதென்றால் எனக்குக் கால் வலி தெரியாது. அதிலும் டோக்கியோவில் குடியிருக்கும் நாத்தனார், "அண்ணி, காலையில் புதுக் கடைவீதி, மாலையில் பழைய கடைவீதி" என்று அழைத்தால் கேட்பானேன்? ஊரில் இருக்கும் அம்மாவுக்கு ஒரு விசிறி வாங்க வேண்டும் என்று எடுத்து வைத்திருந்த பணத்தோடு புறப்பட்டு விட்டேன்.

புதுக் கடைவீதி என்றால் கின்ஸா. 1612-ல் வெள்ளி நாணயச் சாலை அங்கே வந்ததால் ஏற்பட்ட பெயர். இப்போது அங்கே வெள்ளி அடிப்பதில்லை. நம் பணப்பையிலிருந்து கறக்கிறார்கள், அவ்வளவுதான்! 1932-ல் கட்டிய மணிக்கூண்டுக் கட்டடத்துக்கு எதிரே மிட்ஸுகோஷி என்ற பெருங்கடை. காலையில் கதவு திறந்ததும் சிப்பந்திகள் வரிசையாக நின்று குனிந்து வணங்குகிறார்கள். ஏதோ சம்பந்தி வீட்டாரை வரவேற்பது போல இருந்தது!

"எல்லாம் புது நாகரிகம்" என்றேன்.

"இல்லை அண்ணி. 1673-ல் மிட்ஸுயி டகடோஷி என்பவர் இதே நகரில் தொடங்கிய ஜவுளிக்கடைதான் இது. அந்தக் காலத்தில் கடன் கணக்கு. ஆளுக்கு ஒரு விலை. இவரோ, 'ரொக்கம் கொடுங்கள், எல்லாருக்கும் ஒரே விலை' என்றார். முழுச் சுருளாகத்தான் விற்பது என்ற வழக்கத்தையும் விட்டு, வேண்டிய அளவுக்கு வெட்டிக் கொடுத்தார்."

பிறகு சுரங்க ரயில். 1927-ல் ஓடத் தொடங்கிய, ஜப்பானின் முதல் சுரங்கப் பாதை. ஏறி உட்கார்ந்து கதை பேசி முடிப்பதற்குள் ஆசாகுஸா வந்துவிட்டது.

ராட்சஸச் சிவப்புக் காகித விளக்குத் தொங்கும் வாசல்; உள்ளே, கன்னோன் கோயில் வரை இரு பக்கமும் சின்னஞ்சிறு கடைகள். நாகமிஸே என்று பெயர். அரிசிப் பொரியைப் பாகில் பிடித்து விற்கிறார்கள். நம் பொரி உருண்டைக்கு ஒன்றுவிட்ட தங்கை! சந்நிதித் தெருவுக்கே வந்துவிட்டது போல் இருந்தது. ஆகவே பேரம் பேசத் துணிந்துவிட்டேன்.

விசிறி 1,200 யென். "ஆயிரம்" என்று விரலைக் காட்டினேன். கடைக்காரப் பாட்டிக்குப் புரியவில்லை. கணக்குப் பொறியில் மறுபடி 1,200 என்று அடித்துக் காட்டினாள். நாத்தனார் என் கையைக் கிள்ளினாள். தட்டில் பணத்தை வைத்தேன். பாட்டி விசிறியைத் தாளில் மடித்து, ஓரம் பிசகாமல் ஒட்டி, இரண்டு கையாலும் நீட்டி வணங்கினாள். எனக்கு வெட்கமாகப் போயிற்று.

வெளியே வந்ததும் நாத்தனார் சொன்னாள்: 1923 பூகம்பத்தில் இந்தக் கடைகள் இடிந்தன, 1925-ல் கான்கிரீட்டில் எழுந்தன, 1945-ல் குண்டுவீச்சில் எரிந்தன, மறுபடியும் எழுந்தன. கோயிலின் பிரதான மண்டபமே 1958-ல் கட்டியது. நான் பழையது என்று நினைத்த கடைகளின் கட்டடம் புதியது. புதியது என்று நினைத்த கடைக்கு வயது முந்நூற்றைம்பது! இரண்டுக்கும் பொது, அந்த ஒரே விலைதான்.

ஊருக்குத் திரும்பியதும் அம்மா விசிறியை விரித்துப் பார்த்தாள். பாவம், பேரம் பேசத் தெரியாமல் ஆயுள் முழுதும் கூடுதல் விலை கொடுத்தவள்.

"எத்தனைக்குப் பேசி வாங்கினாய்?"

"அங்கே பேச்சே கிடையாதம்மா. யார் போனாலும் அதே விலை."

"பேசத் தெரியாதவளுக்கும் அதே விலையா?" என்றாள் அம்மா. பிறகு வெகு நேரம் விசிறிக் கொண்டே இருந்தாள்.