கோப்பு ஓர் ஊரில், மனுதாரர் வேறோர் ஊரில்

ஓய்வூதியக் கணக்கீடுகள் கிளைகளிலேயே நடைபெற்ற காலத்தை நம் மூத்த வாடிக்கையாளர்கள் மறந்திருக்க மாட்டார்கள். அகவிலைப்படி உயர்வு அறிவிக்கப்பட்டதும் கிளை எழுத்தர் ஒவ்வொரு கணக்காகத் திருத்துவார். ஒரு கிளையில் பத்து நாளில் முடியும் வேலை மற்றொன்றில் மூன்று மாதம் இழுக்கும். மையப்படுத்தப்பட்ட ஓய்வூதியச் செயலாக்க மையங்கள் வந்தபின் இந்த வேறுபாடு பெரும்பாலும் மறைந்தது. ஆயினும் தொகை நின்றுபோனால் பெரியவர்கள் தேடி வருவது நம் முகப்பைத்தான். “உங்கள் கோப்பு இங்கில்லை” என்று அவர்களிடம் சொல்ல நேரும்போதெல்லாம் நமக்குச் சற்றுக் கூச்சமாகவே இருக்கிறது.

இதே ஏற்பாட்டை, பணம் கணக்கிடுவதில் அன்றி வழக்கு விசாரிப்பதிலேயே செய்து பார்த்த நாடு அமெரிக்கா. நோயாலோ ஊனத்தாலோ உழைக்கும் திறனை இழந்தவர்களுக்கு அங்கே சமூகப் பாதுகாப்பு நிருவாகம் இயலாமை உதவித்தொகை வழங்குகிறது. உழைத்த காலத்தில் வரி செலுத்தியவர்களுக்கான திட்டம் 1956ஆம் ஆண்டுச் சட்டத்தால் வந்தது. வருவாயும் சொத்தும் மிகக் குறைந்தவர்களுக்கான மற்றொரு திட்டம் 1974 முதல் நடைபெறுகிறது. குறைந்தது பன்னிரண்டு மாதம் நீடிக்கக்கூடிய அல்லது உயிரிழப்பில் முடியக்கூடிய குறைபாட்டால் குறிப்பிடத்தக்க வருமானம் தரும் எந்த வேலையையும் செய்ய இயலாது என்று மனுதாரர் நிறுவ வேண்டும். அளவுகோல் கடுமையானது, முதல் விண்ணப்பங்களில் பெரும்பாலானவை தள்ளுபடியாகின்றன. அறுபது நாளுக்குள் மறுபரிசீலனை கோரலாம். அதுவும் தோற்றால் நிர்வாகச் சட்ட நீதிபதி முன் விசாரணை கேட்கலாம். மனுதாரரின் குரலை நீதிபதி நேரடியாகக் கேட்கும் முதல் கட்டம் இந்த விசாரணைதான்.

இங்கேதான் தேக்கம் ஏற்பட்டது. 2008ஆம் நிதியாண்டின் முடிவில் ஏழரை லட்சத்துக்கு மேற்பட்ட வழக்குகள் நிலுவையில் இருந்தன. ஒரு வழக்கு முடியச் சராசரியாக 500 நாட்களுக்கு மேல் ஆனது. சுமை எங்கும் ஒரே அளவில் இல்லை. அட்லாண்டா, டெட்ராய்ட் போன்ற நகர அலுவலகங்களில் கோப்புகள் மலையாய்க் குவிந்தன. வேறு சில இடங்களில் வேலை ஓரளவு சீராக நடந்தது. நீதிபதியையும் ஊழியரையும் ஊர்விட்டு ஊர் மாற்றுவது எளிதன்று. கோப்புகள் மின்வடிவம் பெற்றுவிட்டதால் கோப்பை மாற்றினால் போதும் என்று நிருவாகம் கருதியது. 2007இல் வர்ஜீனியா மாநிலத்தின் ஃபால்ஸ் சர்ச் நகரில் முதல் தேசிய விசாரணை மையம் தொடங்கியது. பின்னர் ஆல்புகெர்க்கி, பால்டிமோர், சிகாகோ, செயிண்ட் லூயிஸ் நகரங்களிலும் மையங்கள் அமைந்தன.

மனுதாரர் தம் ஊருக்கு அருகிலுள்ள அலுவலகத்துக்குச் சென்று திரை முன் அமர்வார். நீதிபதி பல நூறு கல் தொலைவிலிருந்து வினவுவார். என்னென்ன வேலைகளை இவரால் செய்ய இயலும் என்று சொல்லும் தொழில்சார் வல்லுநர் பெரும்பாலும் தொலைபேசியில் இணைவார்.

காத்திருப்பின் விலை என்ன என்பதை வங்கியாளர்களாகிய நாம் சற்று நின்று பார்க்க வேண்டும். அமெரிக்க நாடாளுமன்றத்தின் தணிக்கை அமைப்பு 2020இல் அதைக் கணக்கிட்டது. 2008 முதல் 2019 வரையிலான நிதியாண்டுகளில் மேல்முறையீடு செய்தவர்களுள் ஏறத்தாழ 1,10,000 பேர் இறுதி முடிவு வருமுன் இறந்துபோயினர். 2014 முதல் 2019 வரை சுமார் 48,000 பேர் முடிவுக்குக் காத்திருந்த நிலையிலேயே திவால் மனு தாக்கல் செய்தனர். உழைத்துச் சமாளிக்கலாம் என்றால், ஈட்டும் பணமே ‘இவரால் உழைக்க முடிகிறது’ என்பதற்குச் சான்றாகிவிடலாம். வென்றபின் நிலுவைத் தொகை மொத்தமாக வரக்கூடும். ஆனால் தவணை தவறிய வீட்டுக் கடன் அதற்குள் ஏலம்வரை சென்றிருந்தால் அந்த நிலுவை வீட்டை மீட்டுத் தராது. கடன் பிரிவில் பணியாற்றிய எவரும் இதை அறிவர். ஆதலால், தொலைவிலிருந்து நடக்கும் விசாரணை குறைபட்டது என்று சொல்வோர், நேர்முக விசாரணைக்காகக் காத்திருப்பதன் செலவையும் சேர்த்தே எண்ண வேண்டும்.

குறை இல்லை என்றும் சொல்வதற்கில்லை. எலும்பு முறிவு படத்தில் தெரியும்; முதுகுவலி அப்படித் தெரிவதில்லை. நாற்காலியில் பத்து நிமிடம் அமர்ந்தவர் மெல்ல எழுந்து சுவரில் சாய்ந்து நிற்பதை ஒரே அறையில் இருப்பவர் காண்பார். கேமரா தோள்வரை மட்டும் காட்டினால் அது காணாமற் போகும். மனுதாரரின் நாணயத்தை எடைபோடுவதாகத் தோன்றிய சொல்லை நிருவாகமே 2016இல் தன் வழிகாட்டுதலிலிருந்து நீக்கி, அறிகுறிகள் சான்றுகளோடு பொருந்துகின்றனவா என்று மட்டும் பார்க்கச் சொன்னது நல்ல திருத்தம். ஆனாலும் தம் உடல்நிலையை ஒருவர் நேரில் பார்த்தார் என்ற நிறைவு மனுதாரருக்கு வேண்டியிருக்கிறது.

இதற்கு இடம் விட்டே அங்கு விதி வகுக்கப்பட்டிருந்தது: காணொளி வேண்டாம், நேரில் வருகிறேன் என்று மறுக்கும் உரிமை மனுதாரருக்கு இருந்தது. அதிலும் ஒரு சிக்கல். ஒவ்வொரு நீதிபதியும் எத்தனை வழக்குகளை ஏற்றார் என்ற விவரம் வெளிப்படையாக உள்ளது. கண்டிப்பானவர் என்று தெரிந்ததும், விசாரணை நெருங்கும் நேரத்தில் காணொளியை மறுத்து வேறு நீதிபதியைப் பெற முயல்வது நடந்தது. 2014இல் விதி இறுக்கப்பட்டது. அறிவிப்புக் கிடைத்த 30 நாளுக்குள் மறுப்பைத் தெரிவித்துவிட வேண்டும்.

நிருவாகத்தின் காரணம் நியாயமே. எனினும் நமக்கு நெருடலாகத் தோன்றுவது இந்த இடம்தான். மனநோயால் அல்லலுறுபவர், வாடகை தர முடியாமல் முகவரி மாறியவர் ஆகியோரே இந்தக் கடிதத்தைத் தவறவிடக் கூடியவர்கள். விசாரணை மிகவும் தேவைப்படுபவர்களும் அவர்களே. தகுந்த காரணம் காட்டினால் தாமதம் பொறுக்கப்படும் என்றாலும், அதைக் காட்டவும் ஒரு கடிதம் எழுத வேண்டுமே!

மையங்களால் மட்டும் தேக்கம் தீர்ந்துவிடவும் இல்லை. 2017இல் நிலுவை பத்து லட்சத்தைத் தாண்டி, காத்திருப்பு 600 நாட்களை எட்டியது. கோப்பை எங்கு அனுப்பினாலும் அதைப் படிக்க ஒரு நீதிபதி வேண்டும். அவர்கள் போதுமான அளவில் இல்லை. பின்னர் கூடுதல் நியமனங்கள் நடந்தன, புதிய விண்ணப்பங்களும் குறைந்தன. 2019இல் நிலுவை ஆறு லட்சத்துக்கும் கீழே வந்தது. 2020 மார்ச்சில் பெருந்தொற்றால் அலுவலகங்கள் மூடப்பட்டபோது விசாரணைகள் தொலைபேசிக்கு மாறின. 2024 நவம்பரில் நடைமுறைக்கு வந்த விதி, தொலைபேசியையும் இணையவழிக் காணொளியையும் வழக்கமான முறைகளாகவே ஆக்கிவிட்டது. மறுக்கும் உரிமையும் அதற்கான 30 நாள் கெடுவும் தொடர்கின்றன.

நம் வாடிக்கையாளர் பலரின் பிள்ளைகள் அங்கே பணிபுரிந்து, சம்பளத்தில் 6.2 விழுக்காட்டை இந்த நிதிக்குச் செலுத்துகின்றனர். அத்தகைய குடும்பத்தில் எவருக்கேனும் இயலாமை விசாரணைக்கான அறிவிப்பு வந்தால், முதலில் அதன் தேதியைப் பாருங்கள். நேரில் செல்ல விருப்பமா என்று மனுதாரரையே கேட்டு, கெடு முடியுமுன் எழுத்தில் தெரிவியுங்கள். தொலைபேசி விசாரணையை ஏற்பதானால், எவ்வளவு நேரம் உட்கார முடிகிறது, எப்போது படுக்க நேர்கிறது என்பதை ஒரு தாளில் எழுதி அருகில் வைத்துக்கொள்ளச் சொல்லுங்கள். பார்க்க முடியாத நீதிபதிக்கு அதைச் சொல்லித்தான் ஆக வேண்டும்.

நம் முகப்புக்கு வரும் பெரியவர்களிடம் “கோப்பு இங்கில்லை” என்று சொல்லும் வழக்கத்தை நாம் இப்போது விட்டுவிட்டோம். அவர்களை எதிரே அமரச் செய்து, அவர்கள் கேட்கும்படியே மையத்தைத் தொலைபேசியில் அழைக்கிறோம். சில நாட்களில் இணைப்புக் கிடைக்க அரை மணி நேரம் ஆகிறது.