விசில் அடிக்காத குக்கர்



இந்த எபிசோடில் ஸ்மார்ட் கிச்சன் பற்றிப் பேசினோம். ஆப், வைஃபை, வாய்ஸ் கன்ட்ரோல்னு பேசியே நேரம் போயிடுச்சு. இன்டர்ஃபேஸ் டிசைன் பற்றி விரிவா பேச முடியல. அதை இங்கே ஒரே ஒரு கருவியை வைத்துப் பார்க்கலாம்: எலக்ட்ரிக் பிரஷர் குக்கர்.

நம்மில் பலர் அம்மாவுக்கு இதை வாங்கிக் கொடுத்திருப்போம். பல வீடுகளில் அது கிச்சன் மூலையில் சும்மா உட்கார்ந்திருக்கும், பழைய குக்கர்தான் தினமும் அடுப்பில் ஏறும். "அம்மாவுக்கு டெக்னாலஜி வராது"ன்னு நாமே ஒரு தீர்ப்பு சொல்லிடுறோம். அதுக்கு முன்னாடி, அந்தக் கருவி அம்மாகிட்ட எப்படிப் பேசுதுன்னு கொஞ்சம் பார்க்கணும்.

பழைய குக்கரின் இன்டர்ஃபேஸ்

அதுக்கும் ஒரு இன்டர்ஃபேஸ் இருக்கு. அதன் பெயர் விசில். சாதாரணமா தண்ணீர் 100 டிகிரி செல்சியஸில் கொதிக்கும். மூடிய குக்கருக்குள் அழுத்தம் ஏற ஏற கொதிநிலையும் ஏறி, சுமார் 120 டிகிரி வரை போகும். அந்த அழுத்தம் வந்ததும் மேலே இருக்கிற வெயிட் எழும்பி ஆவியை வெளியே விடும். அதுதான் விசில்.

ஹாலில் டிவி ஓடினாலும் காதில் விழும். திரும்பிப் பார்க்க வேண்டாம், எண்ணினால் போதும். "பருப்புக்கு நாலு விசில்"னு அம்மா சொல்றது பல வருஷம் சமைத்துச் சேர்த்த கணக்கு. ஆனா விசில் என்பது நிமிஷம் கிடையாது. தீ எவ்வளவு, தண்ணீர் எவ்வளவு, குக்கர் என்ன சைஸ் என்பதைப் பொறுத்து மாறும். அதனால் "நாலு விசில் = இத்தனை நிமிஷம்"னு ஒரு ஆப்பில் எழுதி முடிச்சிட முடியாது.

எலக்ட்ரிக் குக்கர் சென்சார் வைத்துச் சூட்டைக் கூட்டிக் குறைத்து அழுத்தத்தைக் காக்கும். ஆவி வீணாகாது, விசிலும் வராது. விசிலோடு சேர்ந்து அது சொல்லிக்கிட்டிருந்த தகவலும் போயிடுது.

"ஆன்" என்றால் என்ன?

கனடாவில் 2010இல் தொடங்கிய இன்ஸ்டன்ட் பாட்டையே எடுத்துக்குங்க. பரவலா விற்ற டுவோ மாடலில் 10 நிமிஷம்னு வைத்தால், அழுத்தம் ஏறி முடிக்கும் வரை திரையில் "ஆன்" மட்டும்தான் இருக்கும். அதுக்கப்புறம்தான் நிமிஷம் ஓட ஆரம்பிக்கும். விஷயம் தெரியாதவங்க மெஷின் வேலை செய்யலையோன்னு கேன்சலை அழுத்திடுவாங்க. பட்டன்களில் "போல்ட்ரி", "பீன்/சில்லி"ன்னு இருக்கும். துவரம்பருப்புக்கு எதை அழுத்துறது?

ஜேக்கப் நீல்சன் 1994இல் வெளியிட்ட 10 யூசபிலிட்டி விதிகளில் முதல் விதியே இதுதான்: சிஸ்டம் இப்போ என்ன பண்ணுதுன்னு பயனருக்கு எப்பவும் தெரியணும். பின்னாடி வந்த சில மாடல்களில் எந்தக் கட்டம் நடக்குதுன்னு திரையிலேயே காட்டுறாங்க. நல்ல மாற்றம். இன்னும் ஒரு படி போகலாம்: சூடாகுது, வேகுது, ஆவி இறங்குது என்ற மூன்று கட்டத்துக்கும் வேற வேற ஒலி. அப்போ அம்மா மறுபடியும் காதாலேயே சமைக்கலாம்.

ஈரக் கை

கெபாசிட்டிவ் டச் திரை, விரல் படும்போது ஏற்படும் மின்புல மாற்றத்தை உணருது. தண்ணீரும் அதே மாதிரி மாற்றத்தை உண்டாக்கும். அரிசி களைந்த கையோடு தொட்டால் ஒண்ணு கேட்காது, இல்லைன்னா வேற எதையோ கேட்கும். கண்ணாடியில் ஆவி படிந்தால் சின்ன எழுத்தும் தெரியாது. சமையலறையில் திருகும் குமிழ்தான் கெட்டிக்காரன்: கை தடவியே எங்கே இருக்குன்னு தெரியும்.

தொடங்குவது கஷ்டம், நிறுத்துவது சுலபம்

2019இல் ஜூன் என்ற ஸ்மார்ட் அவன் வைத்திருந்த சிலர், அது ராத்திரியில் தானாவே 400 டிகிரி ஃபாரன்ஹீட்டுக்குச் சூடாயிடுச்சுன்னு சொன்னாங்க. போனில் பயனர்கள் தெரியாமல் தட்டியதுதான் காரணம்னு நிறுவனம் சொன்னது. அப்படியே இருக்கட்டும். வீடு தூங்கும்போது ஒரு தவறான தட்டல் அவனைப் பற்ற வைக்கும்னா, அதைத் தடுக்கிறது டிசைனரோட வேலை.

நான் ஒரு விதி வைத்திருக்கேன். தூரத்தில் இருந்து தொடங்க ரெண்டு முறை கேட்கணும். நிறுத்த ஒரு பட்டன் போதும். அது மெஷின் மேலேயே, பெரிசா, வைஃபை இல்லாமலும் வேலை செய்யணும்.

இந்த வீக்கெண்டு

அம்மாவையோ பாட்டியையோ அந்தக் குக்கரில் பருப்பு வைக்கச் சொல்லுங்க. நீங்க பேசாம நில்லுங்க. சொல்லிக் கொடுக்கக் கூடாது, ஆவி விடும்போது கை சுடாம மட்டும் பார்த்துக்குங்க. கை எங்கே தயங்குது, எதைத் தேடுறாங்க, என்ன கேட்கிறாங்க என்று மூணே மூணு விஷயம் குறிச்சுக்குங்க. 5 பேரிடம் இப்படிப் பார்த்தாலே பெரும்பாலான சிக்கல்கள் வெளியே வந்துடும் என்பதும் நீல்சன் சொன்னதுதான்.

நம்ம அம்மா அப்பாவுக்கு வயசாகுது. பலர் தனியா சமைக்கப் போறாங்க. நாளைக்கு அடுப்பு, அவன், குக்கர் எல்லாமே திரையோடுதான் வரும். அந்தத் திரைக்குப் பயந்து ஒருத்தர் தன் சொந்தச் சமையலறையை விட்டுக் கொடுத்துட்டா, இழப்பு பருப்போடு நிற்காது. உங்களில் சிலர் இந்தத் திரைகளை உருவாக்கப் போறீங்க. அப்போ இந்த வீக்கெண்டில் குறிச்ச மூணு விஷயம் உதவும்.

குறிப்புகளை எங்களுக்கும் அனுப்புங்க, அடுத்த எபிசோடில் பேசலாம்.