அடைக்கு உட்காருமா உங்கள் கோழி?

ஸ்ரீபெரும்புதூர் – ஒரகடம் சாலையில் பிரியாணிக் கடைதோறும் 'நாட்டுக்கோழி' என்று எழுதியிருக்கும். எந்த நாட்டுக்கோழி என்று கேட்டால் கடைக்காரர் சிரிப்பார். சிறுவிடையும் நாட்டுக்கோழிதான், பெருவிடையும் நாட்டுக்கோழிதான். ஆராய்ச்சி நிலையத்தில் கலப்பு செய்து உருவாக்கிய வனராஜாவும் சந்தைக்கு வந்ததும் நாட்டுக்கோழியாகிவிடுகிறது. சாப்பிடுகிறவருக்கு இதனால் பெரிய நஷ்டமில்லை. வீட்டில் வளர்க்க வாங்குகிறவருக்கு உண்டு.

இருங்காட்டுக்கோட்டையில் 1990-இல் கார் பந்தயத் தடம் வந்தது. 1998-இல் ஹூண்டாய் ஆலையிலிருந்து முதல் சான்ட்ரோ வெளியே வந்தது. அதன்பின் சிப்காட் சுற்றுச்சுவர்கள் நீள நீள மேய்ச்சல் நிலம் சுருங்கியது. மாடு கட்ட இடமில்லாத வீட்டிலும் நாலு கோழிக்கு இடமிருக்கிறது. லைன் வீட்டுக்குப் பின்னால் இரண்டு சென்ட் கொல்லை இருந்தால் போதும். அந்த இரண்டு சென்ட்டுக்கு எந்த இனம் ஏற்றது என்பதில்தான் பலர் கோட்டை விடுகிறார்கள்.

வாங்கப் போகிறவர் எல்லோரும் கேட்பது, "எது நிறைய முட்டை போடும்?" அதற்கு முன்னால் கேட்க வேண்டிய கேள்வி ஒன்று இருக்கிறது: அடைக்கு உட்காருமா?

அடைக்கு உட்கார்ந்த கோழி முட்டையிடுவதை நிறுத்திவிடும். 21 நாள் அடை, அதன்பின் குஞ்சுகளோடு சில வாரங்கள். முட்டை வியாபாரத்துக்கு அது வீண் நாள். அதனால் பல தலைமுறையாக அடைக்கு உட்காராத கோழிகளையே பொறுக்கி இனவிருத்தி செய்தார்கள். நாமக்கல் பண்ணைகளின் வெள்ளைக் கோழி ஆண்டுக்கு 300 முட்டைக்கு மேல் இடுவதும், ஒருநாளும் அடைக்கு உட்காராததும் ஒரே தேர்வின் விளைவு. நம்மூர் சிறுவிடை மூன்று நான்கு ஈடாக 60 முதல் 80 முட்டைதான் இடும். ஆனால் குஞ்சு பொரித்து, பருந்து நிழல் விழுந்தால் குரல் கொடுத்து, இறக்கைக்குள் அணைத்து, தன் கூட்டத்தைத் தானே பெருக்கிக்கொள்ளும்.

ஹைதராபாத்தில் உள்ள கோழி ஆராய்ச்சி இயக்ககம் உருவாக்கிய வனராஜாவும் கிராமப்பிரியாவும் இந்த இரண்டுக்கும் நடுவே நிற்பவை. வனராஜா ஆண்டுக்கு 100, 110 முட்டை இடும். உடல் கனம், கறிக்கும் ஆகும். கிராமப்பிரியா தீவனம் சரியாகக் கிடைத்தால் 200 வரை போகும். தமிழ்நாடு கால்நடை மருத்துவ அறிவியல் பல்கலைக்கழகத்தின் நந்தனம் கோழிகளும் இந்த வரிசையில் வருபவை. அடைக்கு இவற்றை நம்பக் கூடாது, குஞ்சு வேண்டுமானால் ஒவ்வொரு முறையும் வெளியில்தான் வாங்க வேண்டும். கலப்பினத்தின் முட்டையை வேறு கோழியின் அடியில் வைத்துப் பொரித்தாலும், அடுத்த தலைமுறையில் தாயின் குணம் முழுதாக வராது.

கருங்கோழி மோகம் தனிக் கதை. மத்தியப் பிரதேசத்து ஜாபுவா வட்டாரத்தின் கடக்நாத்துக்கு 2018-இல் புவிசார் குறியீடு கிடைத்த பிறகு இங்கும் விலை ஏறியது. அதிக விலை கொடுத்து ஜோடி வாங்கியவர்கள் பிறகுதான் தெரிந்துகொள்கிறார்கள், அது அடைக்குச் சரிப்படாத இனம் என்று.

பெருவிடை வேறு ரகம். நெடிய கால், அகன்ற மார்பு, சண்டைச் சேவலின் பரம்பரை. உலகம் முழுக்க அசீல் என்று சொல்லப்படும் கூட்டத்தைச் சேர்ந்தது. அந்த அசீல் 19-ஆம் நூற்றாண்டில் இங்கிலாந்தின் கார்ன்வால் பகுதிக்குப் போய், அங்கே கார்னிஷ் என்ற இனம் உருவாகக் காரணமானது. இன்றைய பிராய்லரின் தந்தை வழி அந்தக் கார்னிஷ்தான். 'பிராய்லர் நம்ம ஊர்க் கோழியே இல்லை' என்று அடித்துப் பேசுகிறவர்களுக்கு இது கொஞ்சம் சங்கடம். இங்கே சண்டைச் சேவலுக்கு இருந்த மரியாதையும் லேசுப்பட்டதல்ல. விழுப்புரம் மாவட்டம் அரசலாபுரத்தில் சேவலுக்கே நடுகல் நட்டிருக்கிறார்கள்.

பெருவிடைப் பெட்டை அடைக்கு உட்காரும். ஆனால் உடல் கனத்தில் முட்டையை உடைத்துவிடும். அனுபவசாலிகள் பெருவிடை முட்டையைச் சிறுவிடையின் அடியில் வைப்பார்கள். சிறிய கொல்லைக்கு இதைவிட நல்ல யோசனை இல்லை. இரண்டு சிறுவிடைப் பெட்டைகளை அடைக்கென்றே வைத்துக்கொண்டு, முட்டைக்குக் கிராமப்பிரியா நாலு வளர்க்கலாம்.

அடைக்குச் சேர்க்கும் முட்டை ஒரு வாரத்துக்கு மேல் பழசாக இருக்கக் கூடாது. மண்சட்டியில் மணல் பரப்பி, லேசாக ஈரப்படுத்தி, அதன்மேல் அடுக்கினால் வெயில் காலத்திலும் கெடாது. ஒரு கோழிக்குப் பத்துப் பன்னிரண்டு முட்டை போதும். இடிச் சத்தத்தில் முட்டை கூமுட்டையாகிவிடும் என்று அடைக்கூடையில் இரும்புத் துண்டும் கரித்துண்டும் போடுகிற வழக்கம் இன்னும் இருக்கிறது. இடிக்கும் கூமுட்டைக்கும் சம்பந்தமில்லை. ஆனாலும் போட நினைப்பவர்களுக்கு நட்டு, போல்ட்டுக்கு இந்த வட்டாரத்தில் பஞ்சமில்லை.

ஏழாம் நாள் இரவு விளக்கை அணைத்துவிட்டு, செல்போன் டார்ச்சின் மேல் முட்டையின் அகன்ற பக்கத்தை வைத்துப் பார்க்க வேண்டும். கரு பிடித்த முட்டையில் ஒரு கரும்புள்ளியும் அதிலிருந்து சிலந்திக் கால்போல் பிரியும் சிவப்பு நரம்புகளும் தெரியும். ஒன்றுமில்லாமல் வெளிச்சம் ஊடுருவினால் கரு இல்லை, எடுத்துவிடலாம்.

குஞ்சு பொரித்த முதல் மாதம்தான் கண்டம். தாயில்லாத குஞ்சுகளுக்கு முதல் வாரம் சுமார் 35 டிகிரி வெப்பம் தேவை, பிறகு வாரத்துக்கு வாரம் குறைக்கலாம். தெர்மாமீட்டர் இல்லையென்றால் குஞ்சுகளைப் பார்த்தாலே போதும்: பல்புக்கு அடியில் நெருக்கியடித்தால் குளிர்கிறது, விலகி ஓடி வாயைத் திறந்தால் சுடுகிறது. ஐப்பசி, கார்த்திகை மழையில் தரை ஈரமானால் ரத்தக்கழிச்சல் வரும். அதற்கு மருந்து உண்டு. உமியை அள்ளிப்போட்டுத் தரையைக் காய வைப்பது அதைவிட மலிவு.

தீவனச் செலவைக் குறைக்கக் கரையான் இருக்கிறது. பழைய பானைக்குள் காய்ந்த சாணம், ஓலை, கிழிந்த சாக்கு எல்லாம் திணித்துத் தண்ணீர் தெளித்து, கரையான் நடமாட்டமுள்ள இடத்தில் மாலையில் கவிழ்த்து வைக்க வேண்டும். காலையில் நிமிர்த்தினால் பானைக்குள் வெள்ளையாக மொய்த்திருக்கும். குஞ்சுகளுக்கு அது நல்ல புரதம். ஹாஸ்டல், கேன்டீன் மிச்சச் சோற்றை மட்டும் கொட்டினால் கோழி கொழுக்கும், முட்டை குறையும்.

வெள்ளைக்கழிச்சல் வந்தால் கூட்டமே காலி. இந்தியாவில் 1927-இல் ராணிக்கேட்டில் முதலில் கண்டறியப்பட்ட நோய் இது. அதனால் அரசு ஆவணங்களில் ராணிக்கேட் நோய். சின்ன வெங்காயமும் சீரகமும் அரைத்துக் கொடுப்பதில் தவறில்லை, ஆனால் அது தடுப்பூசிக்கு மாற்றாகாது. முதல் வாரத்தில் கண்ணிலோ மூக்கிலோ சொட்டு மருந்து, எட்டாவது வாரத்தில் இறக்கையில் ஊசி. கால்நடைப் பராமரிப்புத் துறை பிப்ரவரியில் இரண்டு வாரம் இலவச முகாம் நடத்துகிறது. கோழிகள் திடீரென்று கொத்தாகச் செத்தால் வெறுங்கையால் தொடாமல் கால்நடை மருந்தகத்துக்குச் சொல்லிவிட வேண்டும். 2024 பிப்ரவரியில் பறவைக் காய்ச்சல் வந்த நெல்லூர் இங்கிருந்து தொலைவில் இல்லை.

சைக்கிளில் வரும் சாயக் குஞ்சுகளை வாங்கவே கூடாது. பெரும்பாலும் அவை முட்டைக்கோழிப் பொரிப்பகங்கள் கழித்துவிட்ட சேவல் குஞ்சுகள். ஒரகடம் வழியாக ஜி.எஸ்.டி. சாலைக்குப் போனால் காட்டுப்பாக்கத்தில் பல்கலைக்கழகத்தின் வேளாண் அறிவியல் நிலையம் இருக்கிறது. அங்கே ஆலோசனையும் பயிற்சியும் கிடைக்கும்.

வாடகை வீட்டுக்காரர்களின் பெரிய கவலை சேவல். இரவு வேலை முடித்து விடியற்காலையில் படுக்கிற பக்கத்து அறைக்காரர் கூவலைப் பொறுத்துக்கொள்ள மாட்டார். சேவல் இல்லாமலும் பெட்டை முட்டையிடும், அது பொரிக்காது, அவ்வளவுதான். குஞ்சு வேண்டும்போது சேவல் உள்ள வீட்டிலிருந்து பத்து முட்டை வாங்கி அடை வைத்துக்கொள்ளலாம்.