வண்டி வேண்டாம், புக் போதும்!

ஆம்பூர் பைபாஸ் ஓரம் ஒரு மெக்கானிக் பட்டறை. சென்டர் ஸ்டாண்டில் கருப்பு ஆர்எக்ஸ் 100. விலை பேச வந்தவர் கிக்கரைத் தொடவே இல்லை. பழைய ஸ்பீக்கரில் கழற்றிய காந்தத் துண்டைப் பாக்கெட்டிலிருந்து எடுத்து டேங்க்கில் வைத்தார். இடப்பக்கம் கப்பென்று பிடித்தது. வலப்பக்கம் வழுக்கி விழுந்தது. “பட்டி பாத்திருக்கு பாய், பத்தாயிரம் குறைச்சுக்கோங்க” என்றார். பிறகு குனிந்து ஃப்ரேமைத் தடவியபடி, “தோல் மண்டிக்கு ஓடின வண்டியா?” என்று கேட்டார். உப்புப் போட்ட தோலைக் கட்டி ஓட்டிய வண்டி என்றால் இரும்பு அரித்திருக்கும். மதுரையில் யாரும் இப்படிக் கேட்க மாட்டார்கள்.

1985-இல் இருபதாயிரத்துக்குள் கிடைத்த வண்டி இது. புகைக் கட்டுப்பாடு இறுகியதும் 1996-இல் உற்பத்தி நின்றது. நல்ல கண்டிஷன் என்றால் இன்று லட்சத்துக்கு மேல்தான் பேச்சே தொடங்குகிறது. ஜப்பானிலிருந்து பாகங்களாக வந்து இங்கே பூட்டிய ஆரம்பகால வண்டி என்றால், ஆளைப் பார்த்துத்தான் விலை சொல்கிறார்கள். 98 சிசி, 11 குதிரைத்திறன், ஏறக்குறைய நூறு கிலோ எடை. முறுக்கினால் அது பாய்கிற பாய்ச்சலைப் பற்றி நான் எழுதித் தெரிய வேண்டியதில்லை.

விலை ஏற ஏற, வண்டியைவிட அதன் ஆர்.சி. புக்குக்குத்தான் மவுசு கூடுகிறது. பிஸ்டன், சைலன்சர், மட்கார்டு எல்லாம் டூப்ளிகேட்டில் கிடைக்கும். கரண்ட்டில் இருக்கிற புக்கை எந்தக் கடையிலும் வாங்க முடியாது. பதினைந்து ஆண்டு முடிந்தபின் ஐந்தாண்டுக்கு ஒருமுறை புதுப்பிக்க வேண்டும். 300 ரூபாயாக இருந்த அந்தக் கட்டணம் 2022 ஏப்ரலில் 1,000 ஆனது. இருபது வயது தாண்டிய பைக்குகளுக்கு 2025-இல் 2,000 ஆக்கினார்கள். எல்லா ஆர்எக்ஸ் 100-உம் இருபதைத் தாண்டியவைதான். புதுப்பிக்காமல் விட்ட ‘செத்த புக்’ என்றால் அதே வண்டியின் விலை அப்படியே சரிகிறது.

எனக்கு உறுத்துவது இங்கேதான். விபத்தில் நொறுங்கிய வண்டியின் புக் உயிரோடு இருக்கும். எங்கோ திருடுபோன வண்டியின் உடம்பு இருக்கும். ஹேண்டில் பாருக்குக் கீழே, கழுத்தில் இருக்கிற சேசிஸ் நம்பரைத் தேய்த்துவிட்டுப் புது எண்ணை அடித்தால் இரண்டும் ஒன்றாகிவிடும். பெயிண்ட் பளபளப்பில் மயங்கி முழுப் பணத்தையும் எண்ணிக் கொடுக்கிற இருபத்தைந்து வயதுப் பையனுக்கு இது எப்படித் தெரியும்? ஒரு நாள் போலீஸ் நிறுத்தும்போதுதான் தெரியும். வண்டியும் போகும், பணமும் போகும்.

பழைய வண்டிகளுக்கென்று 2021-இல் மத்திய அரசு தனி விதி கொண்டுவந்தது உண்மைதான். ஆனால் அதற்கு ஐம்பது வயது நிரம்ப வேண்டும். முதல் ஆர்எக்ஸ் அந்த வயதைத் தொடுவது 2035-இல். அப்படியே பதிந்தாலும் கண்காட்சிக்கும் பேரணிக்கும் எடுத்துப் போகலாமே தவிர, தினமும் வேலைக்கு ஓட்ட முடியாது.

இந்த விலை வந்திருக்காவிட்டால் பாதி வண்டிகள் காயலான் கடைக்குப் போயிருக்கும் என்கிறார்கள் சேகரிப்பாளர்கள். இருக்கலாம்.

பட்டறைக்கு வருவோம். பேரம் படியவில்லை. ஷூ கம்பெனியில் வேலை பார்த்து ஓய்வு பெற்ற அந்த ‘பாய்’ ஒரே கையில் வைத்து ஓட்டிய வண்டி. போன வருடம்தான் புக்கைப் புதுப்பித்திருக்கிறார். வந்தவர் கழுத்து நம்பர் மேல் காகிதத்தை வைத்துப் பென்சிலால் தேய்த்தார். ஒவ்வொரு எண்ணாக எழும்பி வந்தது. காகிதத்தை மடித்துச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டவர் குரலைத் தாழ்த்தினார்.

“வண்டி உங்ககிட்டயே இருக்கட்டும் பாய். புக்கை மட்டும் குடுங்க.”

பெரியவர் எழுந்து, காகிதத்தைக் கேட்டுக் கை நீட்டினார்.