குழந்தையின் கண்ணில் வெள்ளை ஒளி: 'கண்ணை எடுக்கணும்' என்று டாக்டர் சொன்னால் குடும்பம் என்ன செய்வது?

செல்போனில் ஃப்ளாஷ் போட்டுக் குழந்தையைப் படம் எடுக்கிறீர்கள். ஒரு கண் சிவப்பாகத் தெரிகிறது. இன்னொரு கண்ணில் மட்டும் வெள்ளையாக ஒரு மினுக்கம். "பூனைக்கண்ணு மாதிரி மின்னுதே" என்று சிரித்துவிட்டு, வாட்ஸ்அப்பில் சொந்தக்காரர்களுக்கு அனுப்பிவிட்டு மறந்துபோகிற வீடுகள் உண்டு. சில குழந்தைகளுக்கு அந்த வெள்ளை ஒளிதான் விழித்திரையில் வளரும் புற்றுநோயின் முதல் அடையாளம். அதன் பெயர் ரெட்டினோபிளாஸ்டோமா.

அரிதான நோய்தான். சுமார் 15,000 முதல் 20,000 பிறப்புகளுக்கு ஒரு குழந்தைக்கு வருகிறது. உலகம் முழுக்க ஆண்டுக்கு ஏறத்தாழ 8,000 குழந்தைகள், அதில் இந்தியாவில் மட்டும் சுமார் 1,500 பேர். பெரும்பாலும் 5 வயதுக்குள்ளேயே தெரிந்துவிடும். பணக்கார நாடுகளில் இந்த நோய் வந்த 100 குழந்தைகளில் 95-க்கும் மேல் பிழைத்துவிடுகிறார்கள். அதே மருந்துகளும் அறுவை சிகிச்சையும் மதுரையிலும் சென்னையிலும் கிடைக்கின்றன. அப்படியும் இங்கே குழந்தைகளை இழக்கிறோம். ஒன்று, தாமதமாக வருவது. இன்னொன்று, அதிகம் பேசப்படாதது: ஆஸ்பத்திரிக்கு வந்து, "கண்ணை எடுக்கணும்" என்று கேட்டதும் குடும்பம் எழுந்து வீட்டுக்குப் போய்விடுவது.

வெள்ளை ஒளி தெரிந்தால் கேன்சர்தானா?

கட்டாயம் அப்படி இல்லை. பிறவிக் கண்புரையாக இருக்கலாம், வேறு விழித்திரைக் கோளாறாக இருக்கலாம், கேமரா கோணத்தால்கூட அப்படித் தெரியலாம். மாறுகண்ணும் இந்த நோயின் ஓர் அறிகுறி. "மாறுகண் அதிர்ஷ்டம்" என்று விட்டுவிடக் கூடாது. எதுவானாலும் மருந்து விட்டுக் கண்மணியை விரியவைத்து உள்ளே பார்த்தால்தான் தெரியும்.

தென்காசிக்குப் பக்கத்தில் உள்ள ஆய்க்குடியில் இருக்கும் ஒரு குடும்பம் என்ன செய்யலாம்? முதலில் தென்காசி அரசு மருத்துவமனையில் காட்டலாம். திருநெல்வேலியில் 1988 முதல் அரவிந்த் கண் மருத்துவமனை இருக்கிறது. சந்தேகம் உறுதியானால் மதுரை அரவிந்த், சென்னை சங்கர நேத்ராலயா போன்ற இடங்களுக்கு அனுப்புவார்கள். அங்கே குழந்தைக்கு மயக்க மருந்து கொடுத்துக் கண்ணை முழுசாகச் சோதிப்பார்கள்.

"சதையை எடுத்து டெஸ்ட் பண்ணாமலே எப்படிக் கேன்சர்னு சொல்றீங்க?" என்பது பல அப்பாக்கள் கேட்கும் கேள்வி. நியாயமான கேள்விதான். மற்ற கேன்சர்களில் முதலில் பயாப்ஸி எடுப்பார்கள். இந்த நோயில் கண்ணுக்குள் ஊசி போட்டால் புற்றணுக்கள் வெளியே பரவ வாய்ப்பு உண்டு. அதனால் நேரில் பார்த்தும், ஸ்கேன் எடுத்தும்தான் முடிவு செய்கிறார்கள். இதை யாரும் விளக்கிச் சொல்லாதபோது டாக்டர் மேல் வரவேண்டிய நம்பிக்கை வராமல் போகிறது.

அந்த ஒரு வார்த்தை

ஆய்க்குடி, குழந்தை வரம் கேட்டு மக்கள் வருகிற ஊர். பாலசுப்பிரமணிய சுவாமியிடம் நேர்ந்துகொண்டு, ஆற்றங்கரைப் படிக்கட்டில் பாயசம் ஊற்றி ஊர்ப் பிள்ளைகளைச் சாப்பிட வைப்பார்கள். அப்படி வேண்டிப் பெற்ற பிள்ளையின் கண்ணை எடுக்க வேண்டும் என்றால் எந்தத் தாய்க்கும் மனசு ஒப்பாது. "இன்னொரு டாக்டர்ட்ட கேப்போம்", "நாட்டு மருந்து பாப்போம்", "கோயில்ல பூ கட்டிப் பாப்போம்" என்று நாட்கள் ஓடும். இன்னொரு டாக்டரிடம் கேட்பது தப்பே இல்லை, அந்த வாரத்திலேயே கேட்டுவிட வேண்டும். கட்டி கண்ணுக்குள் இருக்கும்வரை நோய் பெரும்பாலும் குணமாகக்கூடியது. பார்வை நரம்பு வழியாக மூளைப் பக்கம் போய்விட்டால் கதை வேறு.

எல்லாக் குழந்தைக்கும் கண்ணை எடுப்பதில்லை. கட்டி சிறிதாக இருக்கும்போதே வந்தால் கீமோதெரபி, லேசர், உறைய வைக்கும் சிகிச்சை என்று கண்ணையும் பார்வையையும் காப்பாற்றப் பார்ப்பார்கள். கட்டி கண்ணை நிறைத்துவிட்டால்தான் எடுக்கச் சொல்வார்கள். அந்தக் கண்ணில் பெரும்பாலும் பார்வை ஏற்கெனவே போயிருக்கும். இதைப் பெற்றோரிடம் தெளிவாகச் சொல்ல வேண்டும். போவது பார்வை அல்ல, பார்வை போன கண்.

"என் கண்ணை எடுத்து வைங்க" என்று சொல்லும் தாய்மார்கள் உண்டு. முழுக் கண்ணை மாற்றிப் பார்வை தரும் சிகிச்சை இன்னும் கிடையாது, கண் தானத்தில் வருவது கருவிழி மட்டும்தான். கண்ணை எடுத்த இடத்தில் ஒரு சிறு உருண்டையை வைத்துத் தைப்பார்கள். சில வாரங்கள் கழித்து, மற்ற கண்ணைப் பார்த்து நிறம் தீட்டிய செயற்கைக் கண் பொருத்துவார்கள். பார்வை தராது, ஆனால் முகம் மாறாது. குழந்தை வளர வளர அதை மாற்ற வேண்டும். முடிவெடுக்கத் திணறும் வீட்டுக்கு, செயற்கைக் கண்ணோடு ஓடி விளையாடும் ஒரு பிள்ளையையும் அதன் அம்மாவையும் நேரில் காட்டுவதுபோல் உதவி வேறில்லை. வார்டில் கேட்டால் அப்படி ஒரு குடும்பத்தைப் பேச வைக்க முடியும். அரிதான நோய் என்பதால் ஊரில் இதைக் கடந்துவந்த இன்னொரு வீடு இருக்காது.

"கிரகணத்துல வெளிய போனியா?"

இந்தக் கேள்வி நேராக அம்மாவின் தலையில் விழும். கிரகணம், சாப்பாடு, கண் திருஷ்டி, செல்போன் எதுவும் காரணம் இல்லை. ஆர்பி1 என்ற மரபணுவில் ஏற்படும் மாற்றம்தான் காரணம். சுமார் 40 சதவீதக் குழந்தைகளுக்கு இது மரபுவழியாகக் கடத்தக்கூடிய வகை. அவர்களிலும் பெரும்பாலானவர்களுக்குக் குடும்பத்தில் முன்பு யாருக்கும் இருந்திருக்காது, புதிதாகத் தோன்றிய மாற்றமாகவே இருக்கும். ஆனால் தம்பி, தங்கை இருந்தால் அவர்கள் கண்களையும் உடனே சோதிக்க வேண்டும். அடுத்த குழந்தை பிறந்தால் முதல் சில வாரங்களிலேயே காட்ட வேண்டும்.

கீமோ நாட்கள்

மூன்று, நான்கு வாரத்துக்கு ஒருமுறை மருந்து, பெரும்பாலும் ஆறு சுற்று. முடி கொட்டும், திரும்ப முளைக்கும். "கோயிலுக்கு மொட்டை போட்டோம்" என்று சொல்லிச் சமாளிப்பதும் அந்த நேரத்தில் ஒரு வழிதான். பயப்பட வேண்டியது காய்ச்சலுக்கு. கீமோ ஓடும்போது ரத்த வெள்ளையணுக்கள் குறைந்திருக்கும். சாதாரணக் காய்ச்சல் மருந்து கொடுத்துவிட்டு "காலைல பாப்போம்" என்று படுத்துவிடக் கூடாது, நடுராத்திரி ஆனாலும் ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். அந்த நேரத்தில் கார் எடுத்து வரும் பக்கத்து வீட்டுக்காரர்தான் உண்மையான உதவி. ஆப்பிளும் ஹார்லிக்ஸும் வாங்கிக்கொண்டு கூட்டமாகப் பார்க்க வருவது உதவி அல்ல, தொற்றுக்கு வழி. தடுப்பூசி போடும் முன்னும் கேன்சர் டாக்டரிடம் கேட்க வேண்டும்.

வீட்டில் மூத்த பிள்ளை ஆச்சியிடம் இருக்கும். பீடி சுற்றும் அம்மாவுக்கு ஆஸ்பத்திரியில் இருக்கும் நாளெல்லாம் கூலி இல்லை. சிகிச்சை பாதியில் நிற்பதற்கு மருந்து விலையைவிட இந்தக் கூலியும் பஸ் காசும் பெரிய காரணமாகிவிடுகின்றன.

செலவுக்கு என்ன வழி?

ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்குள் உள்ள குடும்பத்துக்கு முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தில் ஆண்டுக்கு 5 லட்சம் ரூபாய் வரை சிகிச்சை உண்டு. விஏஓவிடம் வருமானச் சான்று வாங்கி, ரேஷன் கார்டு, ஆதாரோடு தென்காசி கலெக்டர் ஆபீஸில் பதிய வேண்டும். ஒன்றரை வயசுக் குழந்தையின் பெயர் பல வீடுகளில் ரேஷன் கார்டில் ஏறியே இருக்காது. முதல் வேலையாக அதைச் சேர்த்துவிடுங்கள். சந்தேகங்களுக்கு 104-ஐ அழைக்கலாம். மதுரை அரவிந்தில் இந்த நோய் வந்த ஏழைக் குழந்தைகளுக்காக 'ரிங் ஆஃப் ஹோப்' என்று தனி நிதியே இருக்கிறது.

ரயிலில் கேன்சர் நோயாளிக்கு ஸ்லீப்பரிலும் மூன்றாம் வகுப்பு ஏசியிலும் முழுக் கட்டணச் சலுகை, கூட வருபவருக்கு 75 சதவீதம். ஆஸ்பத்திரியில் அதற்கான படிவத்தில் கையெழுத்து வாங்க வேண்டும். தென்காசியில் ஏறினால் பொதிகை எக்ஸ்பிரஸ் மதுரை வழியாகச் சென்னை போகிறது.

சிகிச்சை முடிந்த பிறகு

கடற்படைத் தேர்வில் விழுந்து கழுத்துக்குக் கீழே செயலிழந்த எஸ். ராமகிருஷ்ணன் 1981-ல் ஆய்க்குடியில் தொடங்கியது அமர் சேவா சங்கம். கேன்சர் ஆஸ்பத்திரி அல்ல, மாற்றுத்திறனாளிகளுக்கான அமைப்பு. வளர்ச்சி தாமதமான சின்னப் பிள்ளைகளின் வீடு தேடிப் போய்ப் பயிற்சி தருகிறார்கள், பெற்றோரின் சோர்வையும் சேர்த்தே கவனிக்கிறார்கள். கேன்சர் குடும்பங்களுக்கும் தேவைப்படுவது வீட்டு வாசல் வரை வரும் இந்த மாதிரி ஆதரவுதான்.

சான்றிதழ் விஷயத்தில் ஒரு சிக்கல் உண்டு. ஒரு கண் மட்டும் போனால் ஊனம் 30 சதவீதம் என்றே கணக்கு. பெரும்பாலான அரசுச் சலுகைகளுக்கு 40 வேண்டும். ஆகவே பலருக்கு உதவித்தொகை கிடைக்காது. இரண்டு கண்ணிலும் பார்வை இழந்த குழந்தைக்குக் கட்டாயம் விண்ணப்பிக்க வேண்டும்.

ஒரு கண் உள்ள குழந்தை எல்லாப் பிள்ளைகளோடும் சாதாரணப் பள்ளியில் படிக்கலாம். அந்த ஒரு கண்ணைக் காக்க, பவர் இல்லாவிட்டாலும் உடையாத பாலிகார்பனேட் கண்ணாடி எப்போதும் போட வேண்டும். கிரிக்கெட் பந்துக்கும் தீபாவளி வெடிக்கும் முன்னால் அது இல்லாமல் நிற்கக் கூடாது. எந்தப் பக்கம் பார்வை இல்லை என்பதை டீச்சரிடம் முதல் நாளே சொல்லிவிட்டால், போர்டு தெரியும் பக்கமாக இடம் மாற்றி உட்கார வைப்பார்.