இறங்காத கோடு

கொழும்பில் மென்பொருள் கொம்பனியொன்றில் வேலை செய்யும் என் மகன் லீவில் ஹட்டனுக்கு வந்திருந்தபோது, கணினியில் ஒரு கோட்டையே பார்த்துக்கொண்டிருந்தான். "பேர்ன்-டவுன் சார்ட், வாப்பா" என்றான்.

ஸ்க்ரம் முறையில் குழுவினர் இரண்டு வாரத்து வேலையை எண்ணி எடுத்துக்கொள்கிறார்கள். தினமும் மிச்சம் எவ்வளவு என்று புள்ளி வைத்தால், கோடு இறங்கி இறங்கிக் கடைசி நாளில் பூச்சியத்தைத் தொட வேண்டும். இடையில் மேலே ஏறினால் யாரோ புது வேலையைத் திணித்திருக்கிறார்கள். இறங்காமல் படுத்தே கிடந்தால்? சோம்பல் என்றேன் நான்.

"இல்லை வாப்பா. எல்லாவற்றையும் தொடங்கி, ஒன்றையும் முடிக்காமல் வைத்திருப்பார்கள். முழுதாக முடிந்தது மட்டுமே கணக்கு. எங்கள் குழுவில் சோதித்துப் பார்க்க ஒரே ஆள். அங்கேதான் தேங்கி நிற்கிறது."

2011இல் ஸ்க்ரம் வழிகாட்டியே இந்தக் கோடு கட்டாயமில்லை என்று விட்டுவிட்டதாம். எனக்கு அது பயன்பட்டது.

பாடசாலை திறக்கும் முன் தோட்டத்துப் பெற்றோர் இலவசச் சீருடைத் துணியைத் தைக்கக் கொண்டுவருவார்கள். 120 உருப்படி, 12 நாள், நான்கு தையற்காரர். கலண்டரின் பின்புறம் மிச்சத்தை எழுதினேன்: 120, 120, 117, 117. மாஸ்டரை ஏசப் போனவன், மகன் சொன்னது நினைவு வந்து பின்னறைக்குள் எட்டிப் பார்த்தேன். தைத்த சட்டைகள் குவிந்து கிடந்தன; ஒன்றிலும் காஜா இல்லை.

"காஜா அடிக்கிற பொடியனை நீங்கள்தானே முதலாளி முன்கடைக்குக் கூப்பிட்டீர்கள்?" என்றார் மாஸ்டர்.

பொடியனைத் திருப்பி அனுப்பினேன். மறுநாள் 94. பன்னிரண்டாம் நாள் பின்னேரம் ஆறு மிச்சம். லைட் போட்டு இரவோடிரவாக முடித்தோம்.